இருப்பிடம் அறியப்படாதவர்

ஆல்டர் ஹார்பர், மிச்சிகன்
10 ஆகஸ்ட் 1980

அன்பிற்குரிய தங்கை ஆர்டிஸுக்கு,

உன் தமக்கை வெர்னா இறையருளால் நலமே இருக்கிறேன். நீயும் லாயலும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். லாயலின் முதுகுவலி தணிந்ததா?

இக்கடிதத்தை உட்கார்ந்து வாசி. என் மாடியறையில் குடியிருக்கும் கொலீன் என்ற பெண்ணைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரொட்டிக்கடையில் வேலை செய்பவள், பத்தொன்பது வயது. அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. திருமணம் ஆகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் பேறுகாலம். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கப்பல்கள் கட்டிக்கிடக்கும்போதுதான் ஆண்கள் வீடு தங்குகிறார்கள் என்பதால் இவ்வூர்ப் பிள்ளைகள் இலையுதிர்காலத்தில் பிறப்பது வழக்கம். நாமிருவருமே அக்டோபர்ப் பிள்ளைகள் அல்லவா. ரொட்டிக்கடை முதலாளியம்மாள் இவள் வயிற்றைப் பார்த்து, "உனக்கும் பனிக்காலக் கூலி கெடச்சாச்சா?" என்று கேட்டாளாம்.

தகப்பன் லியோ ப்ரூஸ்கி, பேரேரிகளில் இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் எல்வுட் கிரேன் என்ற கப்பலில் மாலுமி. சென்ற குளிர்காலம் முழுவதும் என் வாசற்பனியை வாரித் தள்ளியவன். மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டான்; அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

கொலீன் குழந்தையைத் தான் வளர்ப்பதாக இல்லை. ஜனவரியில் செவிலியர் பள்ளியில் சேர வேண்டுமென்பது அவளது உறுதி. உங்களிருவரின் நெடுங்காலக் காத்திருப்பையும், தத்து நிலையத்தார் லாயலின் வயதைக் காரணம் காட்டி மறுத்ததையும் அவளிடம் எடுத்துரைத்தேன். அவள் கேட்டது ஒன்றே: "உங்க தங்கச்சி சிரிப்பாங்களா, இல்ல உங்கள மாதிரியா?" சிரிப்பாள் என்று உறுதி அளித்தேன்.

செப்டம்பரில் உங்களிடம் வந்து தங்கிப் பெற்றுக்கொள்ள அவள் இசைகிறாள். லியோவுக்குத் தானே தெரிவிப்பதாகவும் கூறுகிறாள்.

உன் மறுமொழியை எதிர்நோக்கும்,
வெர்னா கோவால்கே

*

ஹேடன் கிரீக், ஒஹாயோ
17 ஆகஸ்ட் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உட்கார்ந்து படி என்று எழுதியிருந்தாய். தபால்பெட்டி அருகில் நின்றே படித்துவிட்டேன். வயலுக்கு ஓடிப்போய் லாயலிடம் கொடுத்தேன். அவர் டிராக்டரை அணைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். "அந்தப் பொண்ணு நாளைக்கு மனசு மாறிட்டா?" என்றார். "மாறினா மாறிட்டுப் போறா, அதுக்கு இப்பவே அழணுமா?" என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன்.

அவளை அனுப்பிவை அக்கா. ஆப்பிள் பிடிக்குமா, இறைச்சி சாப்பிடுவாளா என்று கேட்டு எழுது. ஸ்டிக்னி என்ற வக்கீலைப் பார்த்திருக்கிறோம். எல்லாம் சட்டப்படி நடக்கும், நீ கவலைப்படாதே.

என்றும் உன்,
ஆர்டிஸ்

*

ஆல்டர் ஹார்பர்
15 செப்டம்பர் 1980

அன்பிற்குரிய ஆர்டிஸுக்கு,

நலம் விழைகிறேன். கொலீன் இன்று காலைப் பேருந்தில் புறப்பட்டாள். எல்லாம் உண்பாள், வெங்காயம் மட்டும் ஆகாது.

லியோவுக்கு எழுதினாயா என்று பேருந்து நிலையத்தில் கேட்டேன். "எழுதறேன், எழுதறேன்" என்றாள். இரண்டு முறை சொன்னதால் எனக்கு ஐயம் பிறந்தது. அவள் எழுதுவதை நீ உறுதி செய்துகொண்டு எனக்குத் தெரிவி.

அன்புடன்,
வெர்னா

*

ஹேடன் கிரீக்
6 அக்டோபர் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். மூவர் என்று எழுதவே எப்படி இருக்கிறது தெரியுமா. கொலீன் நன்றாகச் சாப்பிடுகிறாள். லாயலுக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுத்து அவரையே தோற்கடிக்கிறாள். "பெரியவரே, உங்க மூஞ்சியிலயே சீட்டு தெரியுது" என்று அவள் சொன்னால் இவர் அதற்கும் சிரிக்கிறார்.

ஒரு சின்ன உதவி. பெற்றவர்களுக்குக் கல்யாணம் ஆகாவிட்டாலும் தகப்பனுக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்பது இப்போது சட்டமாம். அவன் குடியிருக்கும் இடம் தெரியாவிட்டால், கடைசியாக இருந்த ஊர்ப் பத்திரிகையில் மூன்று வாரம் விளம்பரம் போட்டால் போதும் என்று ஸ்டிக்னி சொன்னார். "வீட்டு விலாசம் ஏதாச்சும் உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். வீட்டு விலாசம் தெரியாது என்றோம். உண்மைதானே.

அவனை அறிந்தவள் என்ற முறையில் நீ ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். மூன்றே வாக்கியங்கள். லியோ ப்ரூஸ்கி இப்போது ஆல்டர் ஹார்பரில் வசிக்கவில்லை; மார்ச்சில் தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டார்; அவர் குடியிருக்கும் வீடு எதுவும் எனக்குத் தெரியாது. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. விசாரணை டிசம்பர் பதினாறு.

உன்,
ஆர்டிஸ்

*

ஆல்டர் ஹார்பர்
13 அக்டோபர் 1980

அன்பிற்குரிய ஆர்டிஸுக்கு,

உங்கள் மூவரின் நலனையும் வேண்டுகிறேன். கொலீன் லியோவுக்கு எழுதினாளா என்ற என் கேள்விக்கு நீ விடை எழுதவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டியவளாக இருக்கிறேன்.

பத்திரத்தை மேசை மேல் வைத்து இரண்டு நாட்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மை. மூன்றையும் சேர்த்து வாசித்தால், உயிரோடிருக்கும் ஒரு மனிதன் உலகை விட்டே மறைந்துபோகிறான். பிரமாணம் செய்து கூறுபவள் வாக்கியத்துக்கு மட்டுமன்று, அது கேட்பவர் மனத்தில் விளைவிக்கும் பொருளுக்கும் பொறுப்பாளி என்று நான் கருதுகிறேன்.

ஆகவே நான்காவது வாக்கியம் ஒன்றைச் சேர்த்து ஒப்பமிட்டிருக்கிறேன்: "எனினும் அவர் பெயரையும் எல்வுட் கிரேன் என்ற கப்பற்பெயரையும் எழுதி டெட்ராய்ட் கப்பல் தபால் நிலையத்துக்கு அனுப்பினால், கடிதம் அவர் கைக்குச் சேரும்."

ஓடும் கப்பலைத் தபால் படகு ஒட்டிச் செல்ல, மேலிருந்து கயிற்றில் வாளி இறங்குவதை உங்கள் வக்கீல் அறியாதிருக்கலாம். என் கணவர் ஒட்டோ உயிரோடிருந்தவரை என் கடிதங்கள் யாவும் அந்த வாளியில்தான் ஏறின. உனக்கும் அது புதிதன்று. பதினேழு வயதில் நீ ஒரு கப்பல் சமையற்கட்டுப் பையனுக்கு எழுதிய கடிதங்களுக்குத் தபால்தலை வாங்கித் தந்தவள் நான்.

கிரேன் கப்பல் உங்கள் டொலிடோவில்தான் தாது இறக்குகிறது. உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கப்பல்கள் கிறிஸ்துமஸுக்குப் பின்பே ஓய்வுக்குக் கட்டப்படும் என்பதை அறிந்தவர் எவரேனும் விசாரணைக்கு டிசம்பர் பதினாறைத் தேர்ந்தார்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

பத்திரத்தை வக்கீலுக்கு அன்றி உனக்கே அனுப்புகிறேன். உன் கையாலேயே கொடு.

மாறா அன்புடன்,
வெர்னா

*

ஹேடன் கிரீக்
9 நவம்பர் 1980

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. நவம்பர் மூன்றாம் தேதி விடியலில் பிறந்தாள். கொலீன் நலம், குழந்தை நலம். ஹேசல் என்று கூப்பிடுகிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். தலையில் கறுத்த முடி, மூக்கு எங்கே என்று தேட வேண்டும். லாயல் அவளைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார். "விடுங்க, பேப்பர் இல்ல, கிழியமாட்டா" என்று கொலீன் கூடச் சொன்னாள்.

உனக்கு உடனே எழுத நினைத்தேன். வேலைமேல் வேலை. உன் கால்வலி எப்படி?

கொலீன் பதினைந்தாம் தேதி உன்னிடம் திரும்புகிறாள். பள்ளி திறக்கும் வரை உன் மாடியறையிலேயே இருக்கட்டும்.

ஆர்டிஸ்

பி.கு.: அந்தப் பத்திரம் தேவைப்படவில்லை. கொலீன் எழுதித் தந்த வாக்குமூலமே போதும் என்று ஸ்டிக்னி சொல்லிவிட்டார். விளம்பரம் இந்த வாரம் உங்கள் பத்திரிகையில் தொடங்கும்.

*

ஆல்டர் ஹார்பர்
20 நவம்பர் 1980

அன்பிற்குரிய ஆர்டிஸுக்கு,

ஹேசலுக்கு என் முதல் வாழ்த்து. அவள் நலமே உறங்கட்டும்.

விளம்பரத்தைக் கண்டேன். பழைய பனிவண்டி விற்பனைக்கும் பள்ளிக்கூடக் கூரை ஒப்பந்தத்துக்கும் இடையில் இருக்கிறது. "இருப்பிடம் அறியப்படாத லியோ ப்ரூஸ்கிக்கு" என்று தொடங்குகிறது. இவ்வூரில் அவன் இருப்பிடம் அறியாதவர் எவருமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வாசிப்பவரும் எவருமில்லை.

மாலுமிகளின் மனைவியர் இப்பத்திரிகையைக் கட்டுக்கட்டாகக் கப்பலுக்கு அனுப்புவதுண்டு. அதனால் அவன் கண்ணில் எப்படியும் படும் என்று எனக்கு நானே ஆறுதல் கூறிக்கொண்டேன். ஒட்டோ அப்பத்திரிகையைக் கொண்டு என்ன செய்தார் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. ஈரமான பூட்ஸுக்குள் திணித்தார்.

கொலீன் வந்துவிட்டாள். நேற்று உணவு மேசையில் அவளிடம் நேராகவே கேட்டேன். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொன்னா வந்துருவான் வெர்னாம்மா. அதான் பயமே. வரமாட்டான்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ எழுதியிருப்பேன்."

"வந்தால் என்ன?"

"கட்டிக்கிறேன்னு நிப்பான். நான் ஜன்னல்ல உக்காந்து வருஷத்துல ஒம்பது மாசம் ஏரியப் பாக்கணும். உங்கள பாத்துக்கிட்டே தான இருக்கேன்."

மணம் செய்துகொள்ள மறுப்பது அவள் உரிமை. ஆனால் அவன் அறியாமலே அவன் மகள் வேறொருவர் மகளாவது அவ்வுரிமைக்குள் அடங்காது.

ஆர்டிஸ், உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன். நீயே அவனுக்கு எழுது. அது உனக்கும் பெருமை, அக்குழந்தைக்கும் பெருமை. டிசம்பர் முதல் தேதிக்குள் நீ எழுதியதாகத் தகவல் வராவிடில் நான் எழுதுவேன். இதை முறையான அறிவிப்பாக ஏற்றுக்கொள்.

வெர்னா

*

ஹேடன் கிரீக்
26 நவம்பர் 1980

அக்காவுக்கு,

எழுதாதே.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நீ. நீதிபதி மாதிரி எனக்கு நோட்டீஸ் அனுப்புகிறாய். நீதானே அவளை எங்களிடம் அனுப்பினாய்? தொட்டிலை நிரப்பிவிட்டு, இப்போது வந்து அதை ஆட்டிப்பார்க்கிறாய். அவன் வந்து வேண்டும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை எழுதினாயா? எழுத மாட்டாய். உனக்கு வாக்கியம் சரியாக இருந்தால் போதும்.

உன் கடிதத்தை லாயலிடம் காட்டினேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முறை தன்னுடையது என்று எழுந்து போனார்.

அவள் இப்போது குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறாள். என் குரலுக்கு. நாற்பத்தொரு வயதில் எனக்கு இது கிடைத்திருக்கிறது. நீ அவனுக்கு எழுதினால், அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

ஆர்டிஸ்

*

ஆல்டர் ஹார்பர்
1 டிசம்பர் 1980

அன்பிற்குரிய ஆர்டிஸுக்கு,

யாவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

லியோவுக்கு எழுதிய கடிதத்தை இன்று காலை தபாலில் சேர்த்தேன். அதன் நகல் இத்துடன் உள்ளது. அதில் குழந்தை பிறந்த நாளும், வழக்குமன்றத்தின் பெயரும், விசாரணைத் தேதியும் மட்டுமே உள்ளன. உன்னைப் பற்றியோ கொலீனைப் பற்றியோ குறை ஒன்றும் எழுதவில்லை. வடக்கே பேரேரியில் புயல். கப்பல்கள் நங்கூரமிட்டு ஒதுங்கியிருப்பதாக வானொலி கூறுகிறது. கடிதம் அவனைச் சேருமா, எப்போது சேரும் என்று என்னால் உறுதி கூற இயலாது.

அவன் வந்து கேட்டால் என்ன ஆகும் என்று வினவினாய். நீ அவளை இழக்கலாம். அதை அறிந்தே எழுதினேன். நீ எழுத வேண்டாம் என்றதால் இதுவே என் கடைசிக் கடிதமாக இருக்கலாம். உனக்குத் தெரிவிக்காமல் இருப்பது தகாது என்பதால் இதை எழுதினேன்.

உன் தமக்கை,
வெர்னா

*

ஹேடன் கிரீக்
11 டிசம்பர் 1980

அக்காவுக்கு,

குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. நலத்தைப் பற்றி வேறெதுவும் எழுத முடியவில்லை.

டொலிடோ நாளிதழில் கப்பல் வரவு என்று ஒரு மூலை உண்டு. அக்டோபரிலிருந்து லாயல் அதைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மடித்துவைப்பார். அவர் வயலுக்குப் போனதும் நான் பிரித்துப் பார்ப்பேன். நாங்கள் ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இருப்பிடம் தெரியாது என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு, அவன் எங்கே இருக்கிறான் என்று தினமும் தெரிந்துகொண்டிருந்தோம்.

நேற்று எல்வுட் கிரேன் பெயர் இருந்தது. லாயல் பத்திரிகையை மடிக்கவில்லை. "வண்டிய சூடு பண்ணட்டுமா?" என்று கேட்டார். எங்கே போக என்று நான் கேட்கவில்லை. குழந்தைக்கு இரண்டு போர்வை எடுத்துக்கொண்டேன்.

துறைமுக வாசலில் காவல்காரனிடம் பெயர் சொல்லி அனுப்பினோம். உடம்பெல்லாம் சிவப்புத் தாதுத் தூசியோடு லியோ ஓடிவந்தான். என்னைப் பார்த்ததும், "வெர்னாம்மா தங்கச்சியா? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றான். உன் கடிதம் வந்து சேரவில்லை அக்கா. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அக்கா நலம், சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கொலீனுக்குக் கொழந்த பொறந்திருக்கு. உன்னோடது. வண்டியில இருக்கா."

என்றைக்குப் பிறந்தாள் என்று கேட்டான். சொன்னேன். "அதுக்கப்புறம் இங்க நாலு தடவ வந்துட்டமே" என்றான். குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

குளிர் உள்ளே போய்விடும் என்று வண்டிக் கதவை அவன் திறக்க விடவில்லை. கையெல்லாம் தூசி என்று இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவன் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளியே மங்கியது. அவன் தோளால் துடைத்தான். உள்ளே மங்கியதை லாயல் சட்டைக்கையால் துடைத்தார்.

"கோர்ட்டுக்கு நான் வரலாமா?" என்று என்னைக் கேட்டான். "வரணும்" என்றது லாயல்தான்.

விசாரணையை ஜனவரிக்கு மாற்றும்படி இன்று காலை ஸ்டிக்னியிடம் சொல்லிவிட்டோம். "உங்களுக்கு நீங்களே குழி வெட்டிக்கிறீங்க" என்றார்.

ஆர்டிஸ்

*

ஆல்டர் ஹார்பர்
24 ஜனவரி 1981

அன்பிற்குரிய தங்கை ஆர்டிஸுக்கு,

உன்னையும் லாயலையும் நலமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் கேட்கிறேன்.

டிசம்பர்க் கடிதத்துக்கு நான் மறுமொழி எழுதாதது, நீ எழுத வேண்டாம் என்றதால் அன்று. அக்கடிதத்துக்கு ஈடாக எழுதத் தக்க சொல் என்னிடம் இல்லாததால். என் கடிதம் நீ அவனைக் கண்ட மறுநாள்தான் வாளியில் ஏறியதாம்.

நீதிமன்றத்தில் நடந்ததை லியோ கூறினான். அவன் சம்மதிக்கவில்லை என்றதும் நீதிபதி நெடுநேரம் காகிதங்களைப் புரட்டியதையும், உங்கள் மனு தள்ளுபடியானதையும், கொலீன் தலைநிமிராமல் அமர்ந்திருந்ததையும் கூறினான். நீயே குழந்தையைக் கொண்டுவந்து அவன் வண்டியில் வைத்துப் போர்வையைச் செருகினாயாம். "அவங்க அழல வெர்னாம்மா. அழுதிருந்தாங்கன்னா எனக்குத் தாங்கியிருக்கும்" என்றான். பிறகு என் சமையலறையில் அமர்ந்து அவன்தான் அழுதான்.

அவன் கப்பலை விட்டுவிட்டான். சுண்ணாம்புக்கல் சுரங்கப் பட்டறையில் வேலை. எதிர்வீட்டில் இரண்டு அறை. அவனுக்குத் தாயும் இல்லை, உடன்பிறந்தாளும் இல்லை. இப்போதைக்குக் குழந்தையைப் பட்டறைக்காரர் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கே நான்கு பிள்ளைகள். நேற்று அவன் என் வாசலில் வந்து நின்றான். "பகல்ல மட்டும் பாத்துக்கிறீங்களா? ராத்திரி நான் பாத்துக்குவேன்" என்று கேட்டான்.

உன்னிடமிருந்து மறுமொழி வந்த பின்பே விடை கூறுவேன் என்று திருப்பி அனுப்பினேன். உன் கையிலிருந்து போன குழந்தை என் மடியில் வந்து அமர்ந்ததை நீ ஊரார் வாயால் அறியக் கூடாது. உனக்கு இது எவ்வளவு கொடிது என்று அறிந்தே கேட்கிறேன். வேண்டாம் என்று ஒரு சொல் எழுது; காரணம் வினவ மாட்டேன், அவள் என் வாசற்படியைத் தாண்ட மாட்டாள்.

உன்,
வெர்னா

*

ஹேடன் கிரீக்
15 பிப்ரவரி 1981

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகப் போகிறது. வேண்டாம் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். லாயல் அதைத் தபால்பெட்டிக்குக் கொண்டுபோகவே இல்லை. கேட்டால் மறந்துவிட்டது என்கிறார்.

நான் கோபமாகத்தான் இருக்கிறேன். எப்போது தீரும் என்று தெரியாது. நீ செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் தீரவில்லை.

பாலைக் கையில் சொட்டுவிட்டுப் பார்க்காதே, உதட்டில் வைத்துப் பார். உன் கை மரத்துப்போன கை. கொஞ்சம் சூடாகவே வேண்டும் அவளுக்கு. குடித்ததும் இடது தோளில் போட்டுத் தட்டு. வலது தோளில் போட்டால் கத்துவாள். காது மறையத் தொப்பி போட்டால் இழுத்து எறிவாள், நீயும் விடாமல் போடு. அழுகை நிற்காவிட்டால் பயப்படாதே, ஜன்னலோரம் கொண்டுபோ.

மதியம் தூங்க வைப்பதுதான் கஷ்டம். தாலாட்டுக்கெல்லாம் தூங்க மாட்டாள். இங்கே பன்னிரண்டு மணிக்கு லாயல் ரேடியோவில் சந்தை விலை கேட்பார். அதைக் கேட்டுக் கேட்டு அந்தக் குரலுக்குத்தான் கண்ணை மூடுவாள். அந்த நிலையம் உங்கள் ஊரில் எடுக்காது. நீயே வாசி. மக்காச்சோளம், சோயா, பன்றி, இந்த வரிசையில். மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல். விலை எவ்வளவு என்று சொன்னாலும் அவளுக்குப் பரவாயில்லை.

ஆர்டிஸ்